பன்னிரண்டு நாள் பால்

கிஃபா, மௌரித்தானியா
11 ஜனவரி 1995

வசீலாவுக்கு,

அல்லாஹ்வின் அருள் உன்மேல் இருக்கட்டும். தீங்கு ஒன்றும் இல்லையே? உடம்புக்குத் தீங்கு இல்லையே? வீட்டுக்கு? பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளுக்கு? இப்படி ஒரு பாட்டம் விசாரிக்காமல் நாங்கள் பேச்சைத் தொடங்க மாட்டோம் என்று உனக்குத் தெரியும். பஞ்சத்தில் எங்கள் கூடாரங்களுக்கு நர்ஸாக வந்த புதிதில், இரண்டாவது விசாரிப்பிலேயே "எல்லாம் நல்லாருக்கு, எங்க வலிக்குது சொல்லுங்க" என்று குறுக்கே பாய்ந்து பெண்களைக் கோபப்படுத்துவாயே.

இருபத்தொரு வருடம். ஒரு வரி உண்டா உன்னிடமிருந்து? மஞ்சள் காமாலையோடு உன்னைத் தூக்கி விமானத்தில் ஏற்றினோம். பிழைத்தாயா போனாயா என்று தெரியாமலே நான் உனக்காக துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் இங்கே வந்த இளம் டாக்டர் உங்கள் துனிசியாவில் படித்தவன். பேச்சோடு பேச்சாக உன் பெயரைச் சொன்னேன். "காபெஸ் ஊர்ல பிரசவ வார்டுல வசீலான்னு ஒருத்தங்க இருக்காங்க. நல்லவங்க. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான். நீதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் முல்கைருக்குப் பத்தொன்பது வயது. நீ பார்க்காதவள், நீ போய் இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள். அவளைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் பெயர் யர்பா, வயது இருபத்தொன்று. இங்கிருந்து நெமாவுக்கு லாரி ஓட்டுகிறான். முல்கைருக்கு அவன்மேல் உயிர். வாய் திறந்து சொல்ல மாட்டாள், ஆனால் லாரி ஹாரன் கேட்டால் தேநீரில் இரண்டு தடவை சர்க்கரை போடுகிறாள். அவள் தகப்பனும் நானும் பிரிந்து பல வருடம் ஆகிறது. தலைநகரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். உன் இஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் நிக்காஹ் என்று பேசி முடித்தோம்.

போன வாரம் அவனை வளர்த்த பெரியம்மா சல்கா தேநீருக்கு வந்தாள். மூன்றாவது கிளாஸ் ஊற்றும்போது சும்மா பேச்சுவாக்கில், "இவன் பொழச்சதே பெரிய விஷயம். தட்டம்மை வருஷம் தாயை வாரிக் குடுத்துட்டு, மூணு மாசக் கொழந்தையா அந்தத் துனிசியாக்காரப் பொண்ணோட கூடாரத்துல கெடந்தான்" என்றாள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மகன் இசெல்மு மூன்று மாதத்தில் வயிற்றுப்போக்கில் போன பிறகு, பால் நிற்காமல் நான் தவித்தபோது, தாயில்லாத இரண்டு பிள்ளைகளை என் மடியில் கொண்டுவந்து போட்டவள் நீதானே. அந்த இருவரைப் பற்றியும் முறைப்படி கூடாரம் கூடாரமாகப் போய்ச் சொல்லிவிட்டேன்: இது என் பால் பிள்ளை, என் வயிற்றில் பிறந்ததற்கும் இனிப் பிறப்பதற்கும் கூடப்பிறந்தது, கல்யாண உறவு ஆகாது என்று. இரண்டு பேரும் பெருநாளுக்குப் பெருநாள் வந்து என் கையால் சாப்பிடுகிறார்கள். யர்பா அதில் இல்லை.

சல்காவும் அதையேதான் சொல்கிறாள். ஊர் பேர் தெரியாத பெண்களின் பால் வேண்டாம், நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது சிக்கல் என்று அவர்கள் மறுத்துவிட்டார்களாம். நீ டப்பாப் பால் கரைத்து ஊட்டித்தான் பிழைக்க வைத்தாயாம். எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் காஜியாரிடம் கேட்டேன். ஊட்டியவள் உயிரோடு இருந்தால் அவள் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிடு என்றார்.

அதனால் ஒரே ஒரு வரி எழுது: யர்பா குடித்தது டப்பாப் பால். மிச்சப் பக்கத்தில் உன் கதையை எழுது. கல்யாணம் செய்தாயா? ஒட்டகத்தைக் கண்டால் இன்னும் ஓட்டம்தானா?

தெக்பர்


காபெஸ்
4 பிப்ரவரி 1995

அன்புள்ள தெக்பர் அக்கா,

உங்கள் கடிதத்தை வார்டில் வைத்தே பிரித்தேன். முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் இரண்டு குழந்தைகள் விழித்துக்கொண்டன. இரண்டாம் பக்கம் படிக்கும்போது உட்கார்ந்துவிட்டேன். நோன்புக் களைப்பு என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

எழுதாதது என் தப்பு. எத்தனையோ தடவை தொடங்கினேன். கல்யாணம் ஆயிற்று. அவர் பள்ளிக்கூட வாத்தியார். மகனுக்குப் பதினேழு வயது. பாடம் மண்டையில் ஏறவில்லை, அவன் மோட்டார் சைக்கிளில் ஏறி ஊர் சுற்றுகிறான். ஒட்டகத்தைக் கண்டால் இன்னும் ஓட்டம்தான்.

யர்பா விஷயம். அந்தக் கூடாரத்தில் முப்பதுக்கு மேல் குழந்தைகள் இருந்தார்கள், அக்கா. சட்டென்று சொல்லிவிட முடியாது. எனக்குக் கொஞ்சம் விவரம் வேண்டும். எந்த மாதம் கொண்டுவந்தார்கள், முதல் மழைக்கு முன்பா பின்பா? யார் தூக்கி வந்தது? வாசலுக்கு எந்தப் பக்கம் பாய் போட்டிருந்தது? வீட்டார் கூடவே இருந்தார்களா, கால்நடையை ஓட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டார்களா? உங்கள் ஊர் வைத்தியன் வயிற்றில் சூடு போட்டிருந்தானா? போட்டிருந்தால் எத்தனை தழும்பு, எந்த இடத்தில்? வலது புருவத்தில் முடி முளைக்காத கோடு ஏதாவது இருக்கிறதா? நீங்களே அவன் முகத்தை உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே. அதற்குள் அவசரப்பட்டு எதையும் யாருக்கும் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். முல்கைர் எப்படிப்பட்ட பெண்? அவளைப் பற்றி எழுதுங்கள். உங்களைப் போலவே பிடிவாதக்காரியா?

வசீலா


கிஃபா
24 பிப்ரவரி 1995

வசீலா,

நலம் விசாரிப்பை இந்தத் தடவை சுருக்கிக்கொள்கிறேன். நான் கேட்டது ஒரு கேள்வி. நீ அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு கூடை கேள்வியை அனுப்பியிருக்கிறாய்.

அதிலும் "முகத்தை உற்றுப் பாருங்கள்" என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? பதினோரு மாதம் எங்களோடு இருந்தவள்தானே? மருமகனாக வரப்போகிறவன் மாமியாருக்கு முகம் காட்டுவானா? அவள் எதிரில் ஒரு வாய் தண்ணீராவது குடிப்பானா? போன வாரம் கடைத்தெருவில் என்னைக் கண்டதும் தலைப்பாகையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மாவு மூட்டைக்குப் பின்னால் குந்திவிட்டான். கடைக்காரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் வேண்டுமென்றே வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். நான் கிளம்பும்வரை அந்தப் பிள்ளை எழுந்திருக்கவே இல்லை. நல்ல வளர்ப்பு என்று எனக்குப் பெருமைதான். ஆனால் உன் கேள்விக்கு நான் எங்கே போக?

என் பெரிய மகன் சிதாத்தியை ஏவிவிட்டேன். நீ வந்தபோது உன் மருந்துப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து அடி வாங்குவானே, அவன்தான். லாரி மணலில் புதைந்தபோது உதவிக்குப் போகிற மாதிரி போனான். மண் வெட்டும் வேலையில் யர்பா சட்டையைக் கழற்றியிருக்கிறான். தொப்புளுக்கு மேலே மூன்று தழும்பு, ஒரே வரிசை, கொண்டைக்கடலை அளவு. வலது புருவத்தில் ஒரு கோடு. அங்கே முடி இல்லை. சிதாத்தி வந்து இவ்வளவையும் ஒப்பித்துவிட்டு, "என்ன உம்மா, மாப்பிள்ள பாக்குறியா, ஒட்டகம் வாங்கப் போறியா?" என்கிறான்.

சல்காவின் வாயையும் கிளறினேன். ஜூலையில், முதல் மழைக்கு எட்டு நாள் முன்னால், அவளேதான் தூக்கி வந்தாளாம். வாசலுக்கு இடப்பக்கம் கடைசிப் பாய். விட்டுவிட்டு மிச்சமிருந்த மாடுகளோடு தெற்கே போனவர்கள் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பினார்களாம். வந்து பார்த்தால் பிள்ளைக்குக் கன்னம் உப்பியிருந்தது என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறாள்.

இதையெல்லாம் துருவித் துருவிக் கேட்பதில் எனக்கே ஒரு ருசி தட்டிப்போயிருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் ஒன்று உறைத்தது.

அந்தக் கூடாரத்தைப் பெருக்கியவள் நான். காலி டப்பாக்களைக் கழுவித் தண்ணீர் மொள்ள எடுத்துப் போனவளும் நான். கடைசி டப்பாவை நான் கழுவிய மறுநாள் முதல் மழை கொட்டியது. வழியெல்லாம் சேறாகிப் பால்மாவு ஏற்றிவந்த லாரி நடுவழியில் நின்றுபோனது. பன்னிரண்டு நாள், வசீலா. அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் என்ன குடித்தான்? ஆட்டுப்பால் என்று எழுதாதே. எந்த ஆடு? எல்லாம் செத்துக் கிடந்தனவே. எதைக் குடித்து அந்தப் பிள்ளைக்குக் கன்னம் உப்பியது?

முல்கைரைப் பற்றி எழுதச் சொன்னாய். பிடிவாதக்காரிதான். தரைவிரிப்புக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கிறேன் என்று மூன்று நாளாகக் கடைக்காரன் உயிரை எடுக்கிறாள். பூசி மெழுகாதே. சொல்.

தெக்பர்


காபெஸ்
17 மார்ச் 1995

அக்கா,

முதலில் வேறொரு கடிதம் எழுதினேன். "யர்பா குடித்தது டப்பாப் பால்." நீங்கள் கேட்ட அதே வரி. உறையில் போட்டு ஒட்டித் தபால் பெட்டிவரை போனேன். திரும்பி வந்து கிழித்துப் போட்டேன்.

யர்பா உங்கள் பாலைத்தான் குடித்தான். பன்னிரண்டு நாளும்.

இசெல்மு போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தும் உங்களுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. காலையும் மாலையும் பீய்ச்சி எடுக்கச் சொன்னேன். எனாமல் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு போவேன். அதை என்ன செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டீர்கள். "மண்ணுல ஊத்திடறேன்க்கா" என்றேன். முதல் சில நாள் அப்படித்தான் செய்தேன். டப்பா தீர்ந்த அன்று கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் நின்றேன். உள்ளே நான்கு குழந்தைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார்கள். இரண்டு ஆண், இரண்டு பெண். நான்கு வீட்டாரும் வேறு பெண்களின் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை. இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று மறுபடியும் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

துணியில் வடிகட்டி, கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். உங்களிடம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காய்ச்சலைச் சொல்லிச் சொல்லியே வாங்கினேன். நீங்களும் பாவம், எனக்கு வைத்தியம் தெரியும் என்று நம்பிக் கொடுத்தீர்கள். லாரி வந்தபோது நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். வீட்டார் வந்து கேட்டபோது டப்பாப் பால் என்றேன். மூன்று தழும்பும் புருவத்தில் கோடும் உள்ள பிள்ளைக்குத்தான் முதல் கரண்டி. உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேறு பிள்ளையாக இருக்கக்கூடாதா என்றுதான் அத்தனை கேள்வி கேட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. காபெஸில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பால் உறவு என்றால் என்னவென்று தெரியும். எனக்கே ஒரு பால் தாய் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகன்களை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன், அவர்கள் முன்னால் தலையில் துணி போடுவதில்லை. இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் பிழைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். லாரி வந்ததும் சொல்லலாம். வீட்டார் திரும்பியதும் சொல்லலாம். நீங்கள் தேறியதும் சொல்லலாம். பிறகு காமாலை வந்தது. விமானத்தில் படுத்திருந்தபோது, நல்லவேளை, சொல்லாமலே தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். உங்களுக்கு இருபத்தொரு வருடம் எழுதாததற்குக் காரணம் அதுதான்.

இங்கே என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். சம்பளம் வாங்காமல் பாலைவனத்துக்குப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றியவள் என்று பத்திரிகையில் படம் வந்தது. கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். நான் கழற்றி வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார், தூசி படிகிறது என்றேன்.

இந்த விஷயம் இப்போது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், உங்களுக்கும் எனக்கும். நீங்கள் இதை எரித்துவிட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். காஜியார் முன்னால் வந்து சொல் என்றால் அடுத்த விமானத்தில் வருகிறேன்.

வசீலா


கிஃபா
6 ஏப்ரல் 1995

வசீலா,

கடிதம் வந்தது.

மண்ணில் ஊற்றினேன் என்றாய். பிள்ளை போன மண்ணுக்கே அவன் பாலும் போகிறதே என்று நான் உன் கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கதறினேன். நீ என் முதுகைத் தடவிக் கொடுத்தாய். தடவிக் கொடுத்துக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறாய்.

முல்கைருக்கு மருதாணி வாங்கியாகிவிட்டது. கல்யாணக் கூடாரத்துக்குத் துணி தைக்கக் கொடுத்தாயிற்று.

இனி எனக்கு எழுதாதே.

தெக்பர்


காபெஸ்
29 ஏப்ரல் 1995

அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். இன்னும் இரண்டு திட்டு அதிகமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

பெருநாளுக்குப் பத்துப் பதினோரு நாள்தான் இருக்கிறது. நிக்காஹ் நடக்கிறதா, நின்றுவிட்டதா? முல்கைரிடம் சொன்னீர்களா? கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தினமும் தபால்காரனை வழிமறித்துக் கேட்கிறேன், அவன் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மகன்தான் கேட்டான், "அந்த நாலு பேரும் செத்துப்போயிருக்கணும்னு சொல்றியா உம்மா?" இல்லை என்றேன். மறுபடியும் அதே கூடாரம், அதே கிண்ணம் என்றால் மறுபடியும் ஊட்டத்தான் செய்வேன். "அப்போ எதுக்கு அழறே?" என்றான். "ஊட்டுனதுக்கு அழல. சொல்லாம வந்ததுக்கு அழறேன்" என்றேன். அன்றைக்கு முழுக்க வீட்டிலேயே இருந்தான்.

நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சரி. ஒரு வரி போதும்.

வசீலா


கிஃபா
5 ஜூன் 1995

வசீலா,

தீங்கு ஒன்றும் இல்லையே? உன் உடம்புக்கு? வீட்டுக்காரருக்கு? மோட்டார் சைக்கிள்காரனுக்கு?

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். உன் கடிதம் வந்து ஒன்பது நாள் யாருக்கும் காட்டவில்லை. சர்க்கரைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். காஜியாரிடம் மட்டும், யார் எவர் என்று சொல்லாமல், ஊருக்கே தெரியாத பால் உறவை ஒரே ஒரு பெண் வந்து சொன்னால் என்ன செய்வது என்று கேட்டேன். "ஒருத்தி சொன்னத மட்டும் வச்சுக் கல்யாணத்த நிறுத்தணும்னு கட்டாயம் இல்ல. ஆனா கேட்டவங்க மனசு நம்பிருச்சுன்னா, ஒதுங்கிக்கிறதுதான் நல்லது" என்றார். என் மனசு நம்பிவிட்டது. நீ ஒரு கரண்டி பொய் சொன்னாலும் எனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எரித்துவிடலாம் என்றுதான் இருந்தேன், உன்னிடம் மறைப்பானேன். முல்கைர் அந்த நாட்களில் பாடிக்கொண்டே துணி மடித்தாள்.

ஒன்பதாவது நாள் யர்பா நெமாவிலிருந்து எனக்கு ஒரு மூட்டை தினை கொண்டுவந்தான். வாசலில் இறக்கிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் உள்ளேயிருந்து அந்த முதுகைப் பார்த்தேன். நிக்காஹ் முடிந்தால் என் காலம் முடியும்வரை எனக்குக் கிடைக்கப்போவது இந்த முதுகுதான். என் பால் குடித்தவன் என் முன்னால் ஒரு கவளம் சாப்பிட மாட்டான். எனக்கு அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பாவம் புண்ணியம் எல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மண்ணுக்குப் போயிற்று என்று நான் அழுத பால் எப்படி வளர்ந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக என் மகளின் வாழ்க்கையை உடைத்தேனா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றைக்கே முல்கைரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "நீ ஏன் உம்மா கேட்டே?" என்றாள். "யாரும் கேக்கலியே. நீயா எதுக்கு எழுதிக் கேட்டே?" கேட்காமல் இருக்க முடியவில்லை என்றேன். "உனக்கு ஒரு மகன் கெடச்சுட்டான். எனக்கு என்ன கெடச்சுது?" என்றாள். மறுநாளே தலைநகரில் இருக்கிற தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். மருதாணி இங்கேயே கிடக்கிறது. நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. அவள் இதிலிருந்து எழுந்து வருவாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சல்கா வந்து வாசலில் நின்று கத்தினாள். நாங்கள் வேண்டாம் என்றுதானே சொன்னோம், அந்தப் பெண் யார் எங்களை மீறுவதற்கு என்று உன்னைச் சபித்தாள். கத்தி ஓய்ந்தபின் தானாகவே உட்கார்ந்து, அவள் எங்களைக் கேட்டிருந்தால் நாங்கள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்போம், இவன் எலும்பைத்தான் அள்ளியிருப்போம் என்று அழுதாள். தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

யர்பாவிடம் சிதாத்திதான் சொன்னான். அப்போதே லாரியை எடுத்துக்கொண்டு கிழக்கே போனவன், பெருநாளுக்குக்கூட வரவில்லை. நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. ஆக, எல்லாம் போயிற்று எனக்கு, மருமகனும் இல்லை, மகனும் இல்லை, பெற்ற மகளும் இல்லை என்று உட்கார்ந்திருந்தேன். உன்னைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

போன வெள்ளிக்கிழமை மதியம் சோறு இறக்கிவிட்டு உப்புக்கண்டம் வதக்கிக்கொண்டிருந்தேன். லாரிச் சத்தம் கேட்டது. வாசலில் நிற்பான் என்று பார்த்தால் நேரே உள்ளே வந்தான். எனக்கு எதிரில் உட்கார்ந்தான். தலைப்பாகையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். நான் பார்த்தேன், வசீலா, வெட்கமே இல்லாமல் பார்த்தேன். அழகன் என்று சொல்ல முடியாது. காது பெரிசு. கண் வீங்கியிருந்தது, சவரம் செய்து பல நாள் ஆகியிருக்கும். நீ எழுதிய அந்தப் புருவக் கோட்டை விரலால் தொட்டேன். தொட விட்டான்.

"ஒங்கள என்னன்னு கூப்புடறதுன்னு தெரியல" என்றான்.

"மொதல்ல சாப்புடு" என்றேன்.

சாப்பிட்டான். தலை நிமிரவில்லை. மூன்று தடவை போட்டேன். கை கழுவிவிட்டு, "அவன் பேரு என்ன?" என்று கேட்டான். யார் என்று எனக்குப் புரிந்தது. இசெல்மு என்றேன். "அவன் பங்கத்தான் நான் குடிச்சேனா?" என்றான். இல்லை, அவனுக்கு அது வேண்டாமல் போயிற்று, உனக்கு வேண்டியிருந்தது என்றேன். பிறகு முல்கைர் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான், எனக்குத் தெரியாது என்றேன். இரண்டு பேரும் அழுதோம். போகும்போது, "வரேன் உம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். நேற்றும் வந்தான், வந்து சாப்பிட்டான்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. இன்னும் இல்லை. என் மகள் சிரித்த பிறகு கேள், அப்போது யோசிக்கிறேன். ஆனால் என் பால் மண்ணுக்குப் போகவில்லை என்று எனக்குச் சொன்னதும் நீதான். இரண்டையும் சேர்த்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் செய். நீ நான்கு பேர் என்று எழுதியிருக்கிறாய். ஒருவன் வந்துவிட்டான். மற்ற மூன்று பேர் எங்கே? யார் வீட்டுப் பிள்ளைகள், எந்தப் பக்கம் பாய் போட்டிருந்தது, என்ன அடையாளம்? நீ சொல்வதால் இன்னும் எந்த வீட்டில் அழுகை விழும் என்று தெரியாது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். யர்பா லாரியில் போய்த் தேடுகிறேன் என்கிறான். வழியெல்லாம் அவனுக்குப் பழக்கம்.

எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரிய வேண்டும். பெண் பிள்ளைகள் இரண்டு பேரிலிருந்து தொடங்கு.

தெக்பர்